பீரங்கிக்காரர்கள் கட்டிய கோயில்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராபர்ட் கிளைவின் கல்யாணத்தில் தொடங்குவார்கள். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலையும் விடமாட்டார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தக் கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது, மூன்றரை நூற்றாண்டாக எப்படி நின்றது என்பதற்கு அந்தப் பெயர்களில் பதில் இல்லை. பதில் கூரையில் இருக்கிறது.

நீளம் 80 அடிச் சொச்சம், அகலம் 56 அடி. பெரிய கோயில் என்று சொல்ல முடியாது. உள்ளே நடுக்கூடம் ஒன்று, இருபுறமும் பக்கக்கூடம் ஒவ்வொன்று. மூன்றின் மேலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அரைவட்ட வளைவுக் கூரைகள், மூன்று கூண்டு வண்டிகளை அருகருகே நிறுத்தியதுபோல. வெளிச்சுவரின் கனம் 4 அடி. கூடங்களைப் பிரிக்கும் உட்சுவர் 3 அடி. கூரை 2 அடி. கதவு ஜன்னல் தவிர, பாரம் தாங்கும் இடம் எதிலும் மரம் கிடையாது.

வழிபாட்டுக்கு மட்டும் கட்டியிருந்தால் இத்தனை கனம் வேண்டியதில்லை. வரைபடம் யாருடையது என்ற பேச்சில் எட்வர்ட் ஃபவுல், வில்லியம் டிக்சன் என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. இருவருமே கோட்டையின் பீரங்கிக்காரர்கள். கோட்டைக்குள் ஒரு கட்டடம் எழும்பினால் அதன்மேல் என்ன வந்து விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்றைய முற்றுகைகளில் நேர்க்கோட்டில் சுடும் பீரங்கியோடு ‘மார்ட்டர்’ என்ற குட்டையான, வாயகன்ற பீரங்கியும் இருக்கும். வெடிமருந்து அடைத்த இரும்புக் குண்டை அது வானத்தை நோக்கி எறியும். குண்டு மதிலைத் தாண்டி ஏறக்குறையச் செங்குத்தாக வந்து கூரையில் விழும். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இதற்குத் தடை இல்லை. சென்னையின் வழக்கமான மொட்டைமாடி, அதாவது ‘மெட்ராஸ் டெரஸ்’, இந்த அடியைத் தாங்காது. அதில் தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளைப் பரப்பி, சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சாய்கோட்டில் அடுக்குவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். அதற்கு மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அருமையான கூரை. ஆனால் உத்திரம் ஒன்று ஒடிந்தால் அதை நம்பியிருந்த தளம் மொத்தமும் கீழே வரும். தீப்பிடித்தாலும் கரையான் அரித்தாலும் முடிவு அதுவே.

வளைவுக் கூரையில் உத்திரமே இல்லாததால் ஒடிய எதுவும் இல்லை. மேலே விழும் அடி செங்கல்லுக்குச் செங்கல் பகிர்ந்து சுவருக்குப் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து சிமெண்ட்போல விறைத்து நிற்காமல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விட்டாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அதே வெடிப்பில் மறுபடி படிந்து ஓரளவு தானே அடைத்துக்கொள்ளும்.

இதற்கு விலை உண்டு. வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, இரண்டு பக்கமும் உதைக்கும். உதைப்பைத் தாங்க ஆளில்லாவிட்டால் சுவர் வெளியே சாயும், வளைவின் உச்சி இறங்கும், நடுவில் நீளவாக்கில் வெடிப்பு ஓடும். மூன்று வளைவுகளையும் ஒட்டிவைத்ததன் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். நடு வளைவு இருபுறமும் உதைக்க, பக்க வளைவுகள் எதிர்த்து உதைக்கின்றன. மிச்சமாகும் உதைப்பு வெளிச்சுவருக்குப் போகிறது. அந்த 4 அடி அதற்காகத்தான். உட்சுவர் இரண்டு பக்கமும் சமமாக உதைபடுவதால் 3 அடியே போதும்.

இந்த அமைப்பின் பலவீனமும் அதே இடத்தில்தான். இரண்டு வளைவுகள் சேரும் பள்ளத்தில் மழைநீர் இறங்கும். நீர்ப்போக்கியில் இலையோ காக்கைக்கூடோ அடைத்தால் அங்கே குளம் கட்டி, சாந்தில் ஊறி, உட்சுவரின் தலையில் இறங்கும். பறவை எச்சத்தில் வந்த அரச விதைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செடியை மேலாக வெட்டி எறிவது வீண்வேலை, வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். சாந்தைத் தோண்டி வேரை முழுக்க எடுத்து, குழியைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தால்தான் தொல்லை தீரும். எந்தப் பழைய வளைவுக் கூரைக்கும், ஐப்பசிக்கு முன்னால் ஒருவர் மேலே ஏறிப் பள்ளங்களைச் சுத்தம் செய்வதுதான் மற்ற எல்லாப் பராமரிப்பையும்விட முக்கியம்.

இனி பணக் கதை. 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் கிடைத்த மானியத்தில் கோட்டை எழும்பியது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அங்கிருந்த ஆங்கிலேயருக்குத் தனிக்கோயில் இல்லை. கோட்டை மாளிகையின் ஓர் அறையிலேயே ஜெபம் நடந்தது. அதே மதிலுக்குள் கப்பூச்சின் துறவிகள் கத்தோலிக்கக் கோயில் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது ஆங்கிலேயர் சிலருக்கு உறுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1678 ஜனவரியில் கவர்னராக வந்த ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர், லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் அனுமதிக்குக் காத்திராமல் சந்தாப் பட்டியலைத் திறந்துவிட்டார். கம்பெனிக் கஜானாவிலிருந்து காசு வரவில்லை. அலுவலர்களும் வியாபாரிகளும் கைக்காசு போட்டு 805 வராகன் சேர்த்தார்கள். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்ற பிற்கால மாற்றுக் கணக்கில் இது 2,800 ரூபாய்க்குச் சற்று மேல். மாஸ்டர் தன் பங்காகக் கொடுத்தது 100 வராகன்.

பட்டியல் திறந்த நாள் 1678 மார்ச் 25. கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாள் அது. ஆலயத்தின் பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு பிறப்பதும் மார்ச் 25இல்தான். கணக்கெழுதும் வியாபாரிகளிடம் வசூலைத் தொடங்க மாஸ்டர் தேர்ந்தது வருஷத்தின் முதல் நாளை.

வேலை இரண்டரை ஆண்டில் முடிந்தது. வளைவுக் கூரைக்கு இது மெத்தனமான வேகமல்ல. மரச்சாரத்தை வளைவாக அமைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் சம உயரத்தில் செங்கல் அடுக்கிக்கொண்டே போய் உச்சியில் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சாரமே கோணும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்துத்தான் இறுகும். 2 அடிக் கனத்தின் உள்ளே அது போய்ச்சேர வருஷக்கணக்காகும். சாரத்தைச் சீக்கிரம் பிரித்தால் உச்சி இறங்கும். ரொம்ப நாள் விட்டால் மரம் மழையில் ஊறி உப்பி, வளைவை அடியிலிருந்து நெம்பும். கொத்தனாரின் கைப்பக்குவம் தெரிவது இந்த இடத்தில். சந்தா கொடுத்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, சாரம் கட்டியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1680 அக்டோபர் 28இல் பாதிரியார் ரிச்சர்ட் போர்ட்மேன், லண்டன் பிஷப்பின் அதிகாரம் பெற்று ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். கோட்டைப் பீரங்கிகள் முழங்கின. எட்டாம் நாள், நவம்பர் 4இல், முதல் கல்யாணம் பதிவேட்டில் ஏறியது: எலிஹு யேல், மணப்பெண் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற கைம்பெண். 1689 ஆகஸ்டில் ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கு இங்கே ஞானஸ்நானம் நடந்தது. அடுத்த ஆண்டு அவர் போய் இறங்கிய இடம்தான் பின்னாளில் கல்கத்தா.

சார்னாக் பெயர் இங்கே இன்னொரு வழியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டி, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லில் செய்தது. 1680லிருந்து அதே தொட்டிதான். கல்கத்தாவில் சார்னாக்கின் சமாதிக்கல்லும் இதே வகைக் கல். 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தபோது, அந்தச் சமாதிக்கல்லை மனத்தில் வைத்து ‘சார்னாக்கைட்’ என்றார். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர் வந்த கதை இது.

கிளைவின் கல்யாணம் 1753 பிப்ரவரி 18இல் நடந்தது. மணப்பெண் மார்கரெட் மாஸ்கலின். அந்தக் கல்யாணத்தில் நாம் கவனிக்க வேண்டியவர் மாப்பிள்ளையைவிட நடத்திவைத்த பாதிரியார். அவர் ஜோகன் பிலிப் பெப்ரீஷியஸ், தரங்கம்பாடி டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானிய லுத்தரன். வேப்பேரியில் இருந்துகொண்டு பைபிளைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தவர். 1779இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியும் அவர் உழைப்பு. புரசைவாக்கத்தில் பெப்ரீஷியஸ் பள்ளி இருப்பது இவர் பெயரால்தான். பிளாசி வெற்றியாளனுக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் நம் அகராதிக்காரர் என்பது, கோட்டைச் சரித்திரம் சொல்கிறவர்கள் பாதிப்பேர் விட்டுவிடும் சேதி.

ஆலயத்தைச் சுற்றியுள்ள கற்களுக்கு வருவோம். வெளியே தரை முழுக்கச் சமாதிக்கற்கள், நூற்றுக்கும் மேல். ஆங்கிலம், லத்தீன், போர்ச்சுகீசியம், ஆர்மீனியம் என்று பல மொழிகள். வந்து பார்க்கிறவர்கள் கல்லை மிதிக்கக் கூசி ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். அந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பாவியவை.

பழைய ஆங்கிலேயர் இடுகாடு கோட்டைக்கு வடக்கே, ‘கொய்யாத் தோட்டம்’ என்று வழங்கிய இடத்தில் இருந்தது. இன்று உயர் நீதிமன்ற வளாகத்தில் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் பகுதி அது. அந்தக் காலத்துச் சமாதிகள் தட்டைக் கல்லோடு நிற்காமல், கூம்பும் மாடமுமாக உயரமாக எழும்பியவை. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டையிலிருந்து வந்த குண்டுக்கு இந்தச் சமாதிகள் நல்ல மறைவாகப் போயின. இரண்டு மாதம் கழித்து, 1759 பிப்ரவரியில், முற்றுகை விலகியதும் கோட்டைக்காரர்கள் முதலில் செய்தவற்றில் ஒன்று அந்த மறைவை ஒழித்தது. சமாதிகளை இடித்து, எழுத்துள்ள கற்களை மட்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து பதித்தார்கள். யேலின் சின்ன மகன் டேவிட்டும் ஜோசப் ஹின்மர்ஸும் அடங்கிய சமாதி இடிபடாமல் தப்பி, பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் ஓரத்தில் நின்றது. அந்த ஹின்மர்ஸ், கேத்தரினின் முதல் கணவர்.

கற்களுக்கு அதோடும் நிம்மதி கிடைக்கவில்லை. ஹைதர் அலியோடு நடந்த போரின்போது, 1782இல், அவற்றைப் பெயர்த்து மதில்மேல் பீரங்கிகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். சுடும்போது பின்னுதைக்கும் பீரங்கியின் சக்கரம் மண்ணில் புதையாமலிருக்கக் கெட்டியான பாளம் வேண்டும். கனமான, தட்டையான, மழமழப்பான கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பிறகு திருப்பிக் கொண்டுவந்து பதித்தபோது பல உடைந்திருந்தன. ஆகவே இந்தத் தரையில் இரண்டு கற்கள் பக்கத்தில் கிடப்பதால் அந்த இருவரும் உறவு, சமகாலத்தவர் என்றெல்லாம் முடிவுகட்டக் கூடாது. இருப்பவற்றில் மிகப் பழையது 1652இல் இறந்த எலிசபெத் பேக்கருடையது. கவர்னர் ஆரன் பேக்கரின் மனைவி, கப்பலில் வரும் வழியிலேயே இறந்தவர். கோயிலைவிடக் கல்லுக்கு வயது கூட.

ஆலயத்துக்குள்ளே உண்மையாகவே அடக்கமானவர்கள் உண்டு. 1758–59 முற்றுகையில் கோட்டையைக் காத்த கவர்னர் ஜார்ஜ் பிகாட் அவர்களில் ஒருவர். அவர் 1775இல் இரண்டாம் முறை கவர்னராக வந்து, தஞ்சாவூரை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துத் தஞ்சை வருமானத்தின்மேல் கண்வைத்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1776 ஆகஸ்ட் 24இல் சொந்த ஆலோசனை சபையே அவரைக் கைது செய்தது. காவலிலேயே 1777 மே மாதம் இறந்தார். அவர் கல்லில் பெயர்கூட இல்லை, ‘நினைவாக’ என்று பொருள்படும் லத்தீன் சொல் இரண்டு மட்டும். கவர்னர் தாமஸ் மன்றோ 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்து குத்தி (Gooty) என்ற ஊரில் அடக்கமானவர். 1831இல் உடலை இங்கே கொண்டுவந்தார்கள். சுவரில் தஞ்சைப் பாதிரியார் ஷ்வார்ட்ஸுக்குக் கம்பெனி வைத்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையில் அவரும் சுற்றி நிற்பவர்களுமாக ஜான் பேக்கன் செதுக்கியது. தஞ்சை மன்னர் சரபோஜி தன் குருவான அவருக்காகச் சிற்பி ஃப்ளாக்ஸ்மனிடம் செய்வித்தது தஞ்சாவூரில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்குத் தஞ்சைச் சிற்பம்தான் மனத்தில் நிற்கும். அதில் மன்னரே படுக்கையருகே வந்து நிற்கிறார், இங்கே கம்பெனியின் நன்றி மட்டும்.

பீடத்துக்கு மேலே தொங்கும் ‘கடைசி இராப்போஜனம்’ ஓவியம் 1761இல் புதுச்சேரி விழுந்தபோது கொள்ளைப்பொருளாக வந்தது என்பார்கள். ரஃபேல் பெயரையும் அதனோடு ஒட்டுவார்கள். ஓவியத்தில் கையெழுத்து கிடையாது, எனவே அந்தப் பெயரைப் பக்தியோடு கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை. கோபுரம் பிற்காலத்துச் சேர்க்கை: 1701இல் தனியாக எழுப்பினார்கள், 1710இல் கூம்பு வைத்தார்கள். இன்றுள்ள கூம்பு 1790களில் திரும்பக் கட்டியது.

சுவர்ப் பூச்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சென்னைக் கட்டடக் கதை முழுமையாகாது. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, சலித்து, அரைத்துச் செய்யும் சுண்ணாம்புக் காரைக்கு இந்த ஊர் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் மூன்று பூச்சு சொல்லப்படுகிறது. முதல் பூச்சு அரை அங்குலக் கனம், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரைப் பங்கு மணல், வெல்லத் தண்ணீரில் குழைத்தது. அது காய்ந்த பிறகு இரண்டாவது, மூன்று பங்கு சுண்ணாம்புக்கு ஒரு பங்கு வெள்ளை மணல், மெல்லியதாக. மூன்றாவதற்கு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வெண்ணெய்போல அரைத்து, பறைக்கு (பழைய முகத்தல் அளவு) பத்துப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கருவும் கொஞ்சம் நெய்யும் தயிரும் மாக்கல் பொடியும் சேர்ப்பார்கள். ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அதன் பின்னும் சில நாள் சுவர் வியர்க்கும். வியர்வையைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்காவிட்டால் மெருகு மங்கி, திட்டுத்திட்டாகப் பூக்கும். ஒழுங்காக வந்தால் பளிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது.

இத்தகைய சுவர்களுக்குப் பெரிய எதிரி சிமெண்ட். கோட்டை கடலோரம், நிலத்தடி ஈரத்தில் உப்பு அதிகம். ஈரம் செங்கல் வழியாக ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி உலரும். உப்பு பூச்சின் மேலேயே பூக்கும், துடைத்தால் போய்விடும். மேலே சிமெண்ட் பூசியோ பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தோ மூச்சை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே படிகமாகி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும், கூடவே செங்கல்லின் முகத்தையும் பொடியாக்கும். ‘பழைய சுவர், என்ன பூசினாலும் நிற்கவில்லை’ என்று மறுபடி சிமெண்டே பூசுவார்கள். முதலில் அதைச் சுரண்டி எடுத்து, ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுவரை வெறுமனே உலரவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூச வேண்டும். சமாதிக்கற்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும், எழுத்து தெரிய வேண்டுமென்று சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பார்த்தாலே தேய்ந்த எழுத்தும் நிழல்கட்டித் தெரியும்.

கல்லிலும் பதிவேட்டிலும் தேதி படிக்கிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. 1752 வரை ஆங்கிலேயருக்கு வருஷம் மார்ச் 25இல் பிறந்ததால், ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகள் முந்தைய ஆண்டின் கணக்கில் இருக்கும். டேவிட் யேல் இறந்த 1687 ஜனவரி 25, நம் கணக்கில் 1688. பிரெஞ்சு ஆவணத்தோடு ஒப்பிடுகிறவர்கள் நாளையும் திருத்த வேண்டும்: 1700 பிப்ரவரி வரை 10 நாள், பிறகு 1752 வரை 11 நாள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தது ஆங்கில ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஏட்டில் 21. இரண்டும் ஒரே நாள்தான்.

முன்னோர் பெயர் தேடுகிறவர்களுக்கு: சென்னையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசை 1698இல்தான் தொடங்குகிறது. 1680 முதல் 1697 வரையிலான பதிவுகளுக்கு ஆலயத்தின் மூலப் பதிவேட்டையே நம்பியிருக்க வேண்டும்.